பாட்டிலுக்கும் மூச்சு விடணுமுங்க

உங்க வீட்டுச் சமையல்கட்டுல எண்ணெய் பாட்டிலுக்கு அடியில ஒரு சின்னத் தட்டு இருக்கா? தட்டு இல்லைன்னா நாலா மடிச்ச பழைய பேப்பராவது இருக்கும். எங்க வீட்டுலயும் இருக்கு. பாட்டிலோட வாய் சரியில்லாததுக்கு நாம தினமும் கட்டுற அபராதம்தான் அந்தத் தட்டு. ஊத்தி முடிச்சு நிமிர்த்துறப்ப கடைசிச் சொட்டு வெளிப்பக்கமா இறங்கி, பாட்டில் முழுக்கப் பிசுபிசுன்னு ஆகி, அடியில வட்டமா ஒரு கறை. நாமளும் "எண்ணெய்னா அப்படித்தான்"னு பழகிட்டோம்.

எண்ணெய் வழிஞ்சா தட்டோட போயிரும். நான் இன்னைக்குச் சொல்ல வந்தது தோட்டத்துல நாங்க திறக்கிற பாட்டிலைப் பத்தி. அது துப்பினா தட்டோட போறதில்லை.

போன வருசம் ஐப்பசி மாசம். சின்ன வெங்காயத்துல இலைப்பேன் விழுந்து தாளெல்லாம் வெள்ளை வெள்ளையா வரி ஓடிக் கிடந்தது. ரெண்டு நாளா பிடிச்ச மழை விட்டு அன்னைக்குத்தான் வெயில் தெரிஞ்சது. மறுபடி மேகம் கட்டுறதுக்குள்ள மருந்தடிச்சு முடிச்சிரணும்னு எனக்கு அவசரம். முதுகுல மாட்டுற 16 லிட்டர் பேட்டரி டேங்க்கைத் தொட்டி மேட்டுல வச்சேன். வீட்டுக்காரம்மா குடத்துல தண்ணியோட எதிர்ல நின்னாங்க. நான் மருந்து பாட்டிலைத் திறந்தேன்.

மூடிக்குக் கீழ ஒரு வெள்ளிக் காகிதம் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீங்க. தக்காளி சாஸ்லயும் இருக்கும். அதைப் பிடிச்சு உரிக்க இதுல காதும் இல்லை, வாலும் இல்லை. நகத்தால கீறிப் பார்த்தேன், வரல. இடுப்புல இருந்த வண்டிச் சாவியை எடுத்து ஒரு குத்து குத்தினேன். கடைக்காரர் "டேங்க்குக்கு ரெண்டு மூடி"ன்னு சொல்லியிருந்தார். இடது கையில மூடியைப் பிடிச்சு, வலது கையால பாட்டிலைச் சாய்ச்சேன். ஒண்ணும் வரல. இன்னும் சாய்ச்சேன். 'களக்'னு ஒரு வாய் வந்து மூடி நிறைஞ்சு விரலெல்லாம் வழிஞ்சது. நிமிர்த்துறதுக்குள்ள இன்னொரு 'களக்'. அது மூடி விளிம்புல பட்டுத் தெறிச்சது.

"ஏனுங்க, கண்ணு எரியுதுங்க!"

குடத்துத் தண்ணி முழுக்க அவங்க முகத்துலதான் போச்சு. நல்ல வேளை, மோட்டார் ஓடிட்டிருந்தது. குழாய்த் தண்ணியில கால் மணி நேரத்துக்கு மேல கண்ணைக் கழுவிட்டு, அந்த பாட்டிலையும் பையில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துட்டு, தண்ணியில உடனே கழுவினதாலதான் தப்பிச்சீங்கன்னு சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "கண்ணாடி போடலையா? கையுறை எங்க? படிச்சவர்தானே நீங்க?"ன்னு கேட்டார்.

சரியான கேள்விதான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சாவியால குத்தினது என் தப்பு. கையுறை வீட்டு அட்டாலியில கிடந்ததும் என் தப்பு. கண் நாலு நாள்ல சரியாப் போச்சு. ஆனா அந்த நாலு நாளும் அவங்க ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு அடுப்பு முன்னாடி நின்னது இன்னும் என் மனசை விட்டுப் போகல.

அஞ்சாம் நாள் அவங்கதான் ஒரு வார்த்தை கேட்டாங்க. "அந்தக் காலத்துல எண்ணெய்க் கடைக்காரர் டின்னைத் திறக்கறப்ப மூலைக்கு ஒண்ணா ரெண்டு ஓட்டை போடுவாருல்ல? இந்த மருந்துக்காரங்களுக்கு அது தெரியாதாக்கும்?"

நான் எழுத உக்காந்ததே அந்தக் கேள்வியாலதான். விவசாயி மேல மருந்து பட்டா விவசாயியைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. பாட்டிலை யாரும் கேக்கறதில்லை.

ஒரே படியில ஏறி இறங்குற பஸ்

பாட்டில் ஏன் துப்புதுன்னு பார்ப்போம். பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. உள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்தா, அது இருந்த இடத்துக்குக் காத்து போயாகணும். போகலைன்னா உள்ள அழுத்தம் குறைஞ்சு, வெளிக்காத்து தண்ணியைத் தடுத்து நிறுத்திரும். அதனால நேரா கவிழ்த்த பாட்டிலோட ஒரே வாயில தண்ணி இறங்கவும் பார்க்குது, காத்து ஏறவும் பார்க்குது. ஒரே படி வச்ச மினி பஸ் சந்தை நாள்ல எப்படி இருக்கும்? இறங்குறவங்க கொஞ்சம் பேர் தள்ளிக்கிட்டு வருவாங்க, அப்புறம் ஏறுறவங்க கொஞ்சம் பேர் முண்டிக்கிட்டுப் போவாங்க. அதேதான் இங்கயும். ஒரு வாய் தண்ணி, ஒரு குமிழி காத்து, மறுபடி ஒரு வாய் தண்ணி. அந்தச் சத்தம்தான் 'களக் களக்'.

முன்படி, பின்படின்னு ரெண்டு வச்சிட்டா சண்டை தீர்ந்தது. எண்ணெய் டின்னுல அந்த ரெண்டாவது ஓட்டை காத்துக்குத்தான். அதுல எண்ணெய் வராது, ஆனா அது இல்லாம எண்ணெய் ஒழுங்கா வராது. நான் சாவியால ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னு இப்பப் புரியுதுங்களா? இருந்த ஒரு வாயையும் நானே அடைச்சு வச்சிருக்கேன்.

அப்ப மெதுவா, லேசாச் சாய்ச்சு ஊத்த வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அப்படி ஊத்தினா வாய் முழுசா அடைபடாது, மேல் பாதியில காத்து போகும், துப்பாது. உண்மைதான். ஆனா அப்ப வேற ஒரு வில்லங்கம் வரும். மெதுவா வர்ற திரவம் பாட்டில் உதட்டை விட்டுப் பிரியாது. உதடு தடிமனா, உருண்டையா இருந்தா அதை ஒட்டியே வளைஞ்சு, கழுத்து வழியா இறங்கி, பிடிச்சிருக்கிற கைக்கு வந்துரும். டீ பாத்திரத்துல தினமும் நடக்கிற கதை. இதுக்கு 'டீபாட் விளைவு'ன்னே பேர் இருக்கு. மார்க்கஸ் ரெய்னர்ங்கற விஞ்ஞானி 1956ல வச்ச பேர். சொட்டாத மூக்கு எப்படி இருக்கணும்னு கணக்குப் போட்டதுக்காக வாண்டன் புரூக், ஜோசப் கெல்லர்னு ரெண்டு பேருக்கு 1999ல இக் நோபல் பரிசு கொடுத்தாங்க. முதல்ல சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. எனக்கு அந்தச் சிரிப்பு வரல. வேகமா ஊத்தினா துப்புது, மெதுவா ஊத்தினா கையில வழியுது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நாங்க தினமும் நிக்கிறோம்.

அப்பத்தாவோட கெண்டி

எங்க அப்பத்தா ஒரு பித்தளைக் கெண்டி வச்சிருந்தாங்க. நல்ல நாள்ல சாமிக்குத் தண்ணி விடறதுக்கு, வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கை கழுவ விடறதுக்கு. இப்ப எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு. இறக்கி வச்சு அரை மணி நேரம் பார்த்தேன். மேல அகலமா ஒரு வாய், அது காத்துக்கு. பக்கவாட்டுல ஒரு மூக்கு, அது தண்ணிக்கு. மூக்கு போகப் போகச் சிறுத்து, நுனி மெல்லிசா, கூரா இருக்கு. சாய்ச்சா ஒரே நூலா விழுது. நிமிர்த்தினா அந்த மெல்லிசு நுனியில நூல் அறுந்து நிக்குது. எவ்வளவு வேணுமோ அவ்வளவு சாய்ச்சாப் போதும், ஓட்டம் நம்ம மணிக்கட்டுல இருக்கு.

பாலாடையை நினைச்சுப் பாருங்க. பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுறது. திறந்த கிண்ணம், ஒரு பக்கம் நீட்டின மூக்கு. ஒரே நேரத்துல அதிகம் போனா புரை ஏறிரும். அதனால துளித்துளியா விடற மாதிரி செஞ்சிருக்காங்க. குறைமாசக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகள்லயும் பாலாடையில பால் கொடுக்கிறாங்க.

பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரல. கெண்டியில மருந்து வைக்க முடியாது, மூடி இல்லாத பாத்திரம் அது. ஆனா அதைச் செஞ்ச கன்னார் ஒண்ணை முடிவு பண்ணியிருக்கார்: இதைப் பிடிச்சு ஊத்தப் போற கை யாரோடதுன்னு. நான் வாங்குற பாட்டில்ல அந்தக் கையைப் பத்தி யோசிச்ச அடையாளம் இல்லை. மெஷின்ல சீக்கிரம் நிரம்பணும், லாரியில கசியாம வரணும், கடையில அழகா நிக்கணும். இந்த மூணுக்கும் பாட்டில் அருமையா இருக்கு.

தொட்டி மேட்டு ஆராய்ச்சி

ஒரு ஞாயித்துக்கிழமை நானே ஒரு மூக்கு செஞ்சு பார்த்தேன். மருந்து பாட்டில்ல இல்லைங்க. புதுத் தண்ணி பாட்டிலும் மஞ்சள் கரைச்ச தண்ணியும்தான். சாமான் எல்லாம் சொட்டு நீர் போட்டப்ப மிஞ்சினது. 12 மில்லிமீட்டர் குழாய்ல ஒரு துண்டு, 4 மில்லிமீட்டர் மைக்ரோ டியூப் ஒரு முழம்.

மூடியில பெரிய குழாயை மட்டும் சொருகினப்ப பழையபடி களக் களக். அடுத்து ரெண்டையும் ஒரே நீளத்துல சொருகினேன். காத்து எந்த வழியில போறதுன்னு தெரியாம ரெண்டுலயும் சொட்டுச்சு. மூணாவது, மைக்ரோ டியூபை உள்பக்கம் பாட்டில் அடி வரைக்கும் நீட்டினேன். வெளிப்பக்கம் மூடியோட வெட்டிட்டேன். பெரிய குழாயை வெளிப்பக்கம் ரெண்டு விரக்கடை நீட்டி, நுனியைச் சாய்வா பிளேடால சீவினேன். சாய்ச்சேன். முதல்ல மைக்ரோ டியூப்ல ரெண்டு சொட்டு, அப்புறம் அது காத்தை இழுக்க ஆரம்பிச்சது. மஞ்சத்தண்ணி ஒரே கம்பியா விழுந்தது. சத்தமே இல்லை. என் பொண்ணு அளவுக் குவளையைப் பிடிச்சா. 30 மில்லி கோட்டுல நிறுத்துன்னா நிறுத்த முடிஞ்சது.

இதுல என் கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்லை. ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடியே ஜெர்மன் ராணுவம் செஞ்ச பெட்ரோல் கேன்ல, வாய்க்குள்ளயே காத்துக்குத் தனி வழி வச்சிருந்தாங்க. பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ஜெர்மன்காரங்களை 'ஜெரி'ன்னு சொல்லுவாங்க, அதனால அது 'ஜெரிகேன்' ஆச்சு. எதிரியோட கேனாச்சேன்னு பார்க்காம நேச நாட்டுப் படைகளும் அதையே காப்பியடிச்சாங்க. வழியறதுக்கும் வைத்தியம் இருக்கு. அமெரிக்காவுல பிரான்டைஸ் பல்கலைக்கழகத்து டேனியல் பெர்ல்மன் 2017ல ஒயின் பாட்டிலுக்கு ஒரு வழி சொன்னார். உதட்டுக்குக் கொஞ்சம் கீழ, சுத்தி ஒரு பள்ளம். அகலம் 2 மில்லிமீட்டர், ஆழம் 1 மில்லிமீட்டர். வழிஞ்சு வர்ற சொட்டு அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாம அங்கேயே அறுந்து கீழ விழுந்திரும். புதுசா ஒரு சாமான் சேர்க்க வேண்டியதில்லை, அச்சுல ஒரு கோடு, அவ்வளவுதான்.

சட்டத்துலயே எழுதலாம்

பூச்சி மருந்து பாட்டிலுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமான்னு கேட்டா, நடந்திருக்கு. அமெரிக்காவுல 2006ல பூச்சிக்கொல்லி டப்பாக்களுக்குப் போட்ட விதியில, திரவம் விட்டு விட்டு வராம ஒரே ஓட்டமா ஊத்த வரணும், டப்பாவோட வெளிப்பக்கம் வழியறது முடிஞ்ச வரைக்கும் குறைவா இருக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க. கலிபோர்னியாவுல கடுமையான விஷ மருந்துகளை கையால ஊத்தாம, மூடின குழாய் வழியா டேங்க்குக்கு ஏத்தணும்ங்கற ஏற்பாடு 1970கள்லயே வந்தாச்சு.

நம்ம நாட்டுலயும் 1968ல பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, 1971ல விதிகள் வந்தது. பாட்டில்ல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணம் போட்டு விஷத்தோட கடுமையைச் சொல்றாங்க. உள்ள துண்டுச்சீட்டு இருக்கு. கையுறை போடு, முகத்தை மூடுன்னு எழுதியிருக்கு. எல்லாம் தேவைதான். ஆனா இவ்வளவும் ஊத்துறவனுக்குச் சொல்ற புத்தி. பாட்டிலுக்கு யார் புத்தி சொல்றது?

ஒண்ணு யோசிங்க. டேங்க்குல கலந்த மருந்து லிட்டருக்கு 2 மில்லி அளவுல நீர்த்தது. பாட்டில்ல இருக்கறதோ கலப்பே இல்லாத முழு விஷம். மருந்தடிக்கிற வேலையில ரொம்ப ஆபத்தான நிமிசம் ஊத்திக் கலக்குற அந்த நிமிசம்தான். அதுல அளவு தப்பினா நஷ்டம் எங்களுக்கு மட்டுமில்லை. 30 மில்லி விழ வேண்டிய இடத்துல களக்குன்னு 50 விழுந்தா, அதை யாரும் பாட்டிலுக்குள்ள திருப்பி ஊத்துறதில்லை. அது பயிருக்குப் போகும், மண்ணுக்குப் போகும், அப்புறம் சந்தைக்கும் வரும்.

"பேசாம மருந்தே அடிக்காம விவசாயம் பண்ணக் கூடாதா?"ன்னு நகரத்துல இருக்கிற நண்பர்கள் கேப்பீங்க. நியாயமான கேள்வி. கொஞ்ச இடத்துல மீன் அமிலம், வேப்பெண்ணெய்னு மட்டும் வச்சுப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். ஆனா எல்லாரும் இன்னைக்கே விட்டுரப் போறதில்லை. விடற நாள் வரைக்கும் அவங்க கண்ணு கண்ணுதானே?

"விலை ஏறும்"னு சொல்லுவாங்க. தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் பாட்டில்ல சின்னத் துளை வச்ச உள்மூடி இருக்கு. ஷாம்பூவுக்குத் தட்டினாத் திறக்கிற மூடி. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணிக்கு இழுத்தாத் திறக்கிற மூக்கு. கையில பட்டா ஒண்ணும் ஆகாத பொருளுக்கெல்லாம் அழகான மூக்கு வச்சவங்களுக்கு, பட்டா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பொருளுக்கு வைக்க மட்டும் காசு இல்லையா?

இன்னொரு சிக்கலை நானே சொல்லிடறேன். மூக்கை நிரந்தரமாப் பொருத்திட்டா, காலியான பாட்டிலைக் கழுவ முடியாது. மூணு தடவை அலசி, அந்தத் தண்ணியையும் டேங்க்குலதான் ஊத்தணும். உள்ள இடுக்கு இருந்தா மருந்து தங்கிரும். சுலபமா ஊத்த வர்ற மூக்கு குழந்தைக்கும் சுலபம்தான், அதனால மூடி குழந்தை கைக்குத் திறக்கக் கூடாது. அமுக்கினா மேல் அறையில அளவு மட்டும் ஏறுற ரெட்டை அறை பாட்டில் மாதிரி ஏற்கெனவே நல்ல யோசனைகள் இருக்கு. எது ஒத்து வரும்னு உக்காந்து யோசிக்க வேண்டிய வேலை இது. அதனாலதான் தொட்டி மேட்டுல நான் செய்யற வேலை இல்லைங்கறேன். என் மூக்கு மஞ்சத்தண்ணியோட சரி. மருந்து பாட்டில்ல ஓட்டை போடுறதும், மருந்தை வேற பாட்டில்ல மாத்துறதும் யாரும் செய்யாதீங்க.

நான் கேக்கறது நாலே நாலு. கையுறை போட்ட கையால உரிக்கிற மாதிரி வெள்ளிக் காகிதத்துக்கு ஒரு காது. காத்து போக ஒரு வழி. சொட்டு அறுந்து விழ ஒரு கூரான உதடு. கோடு போட்ட அளவு மூடி, எல்லா பாட்டிலுக்கும் ஒரே அளவுல. இப்ப ஒரு கம்பெனி மூடி ஒரு அளவு, இன்னொண்ணு வேற அளவு. "ரெண்டு மூடி"ங்கறதுக்கு அர்த்தமே இல்லை.

இதைப் படிக்கறவங்கள்ல பிளாஸ்டிக் அச்சு செய்யறவங்க, பொருள் வடிவமைக்கிறவங்க, அதைப் படிக்கிற பிள்ளைங்க கண்டிப்பா இருப்பீங்க. செல்போனைக் கையில பிடிக்கச் சௌகரியமா இருக்கான்னு எத்தனை தடவை சோதிக்கிறீங்க! ஒரு தடவை எங்க தொட்டி மேட்டுக்கு வாங்க. ஈரக் கையோட, காத்தடிக்கிறப்ப, ஒரு கையில மூடியும் ஒரு கையில பாட்டிலுமா நின்னு பாருங்க. அதுக்கப்புறம் வரைங்க.

அது வரைக்கும் நாங்க செய்யறது இதுதான். காகிதத்தை முழுசா உரிச்சிடறேன், குத்துறதில்லை. கோடு போட்ட குவளையைத் தரையில வச்சு, முகத்தைத் தள்ளி வச்சு, காத்து முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்னு, லேசாச் சாய்ச்சு ஊத்துறேன். ஓரத்துல வாய் வச்ச 5 லிட்டர் கேன்னா, வாய் மேல் பக்கமா வர்ற மாதிரி திருப்பிப் பிடிச்சுச் சாய்க்கிறேன். அப்பக் காத்து மேல் வழியாப் போயிரும், துப்பாது. வீட்டுல எண்ணெய் கேன்லயும் நீங்க இப்படிச் செஞ்சு பாருங்க, வித்தியாசம் தெரியும். கையுறையும் கண்ணாடியும் இப்ப அட்டாலியில இல்லை, மோட்டார் ரூம் ஆணியில தொங்குது.

போன வாரம் கடையில புது பாட்டில் ஒண்ணு வாங்கினேன். அட்டைப்படம் மாறியிருக்கு, வண்ணம் மாறியிருக்கு. வாய் அதேதான், காது இல்லாத அதே வெள்ளிக் காகிதம்தான். தொட்டி மேட்டுல நான் அதைத் திறக்கறதைப் பார்த்த உடனே வீட்டுக்காரம்மா குடத்தைக் கீழ வச்சிட்டு, பத்தடி தள்ளிப் போய்த் திரும்பி நின்னுக்கிட்டாங்க.

"ஊத்தி முடிச்சிட்டுக் கூப்புடுங்க."